கதவைத் திறந்தாத்தான் லைட்டு

இல்லைங்க, அந்த ரூமுக்குள்ள இப்பப் போகாதீங்க. அப்பா இப்பதான் கண்ணை மூடினாரு. மூச்சு மிஷின் எங்கேயும் ஓடிடாது, அதைத்தான் கரண்ட் ஒயரால செவுத்தோட கட்டிப் போட்டிருக்கோமே. நீங்க உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. பையைக் கீழ வைங்க, யாரும் எடுத்துக்க மாட்டோம். காபி ஆறுது பாருங்க.

மேடமா? அக்கான்னே கூப்பிடுங்க. மேடம்னு காதுல விழுந்தா ஏதோ மீட்டிங்ல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு.

சரி, என்ன போட வந்திருக்கீங்க, அதைச் சொல்லுங்க. புது வெர்ஷனா. பேட்டரி ரெண்டு மடங்கு நிக்குமா. மிஷின் சூடே ஆகாதா. கொஞ்ச நேர வேலைதானா. அடேங்கப்பா, ஒரே மூச்சுல ஒப்பிக்கிறீங்களே. வீடியோல உங்களுக்குச் சொல்லிக் குடுத்தவரு இப்படியேதான் சொன்னாரா? நீலச் சட்டை போட்டுக்கிட்டு, கையை விரிச்சு விரிச்சுப் பேசுவாரே, அவருதானே? உங்க சாரு. பேட்டரி டீமுக்குத் தலைவரு. தெரியும், தெரியும். நல்லாவே தெரியும்.

நான் யாரா? நானும் உங்க கம்பெனிதாங்க. நீங்க வீடு வீடா அலையறீங்க, நான் உள்ள உக்காந்து முதுகு வலி வாங்குறேன், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த மூச்சு மிஷினோட ஸ்கிரீன்ல பச்சையா ஒரு பூ விரிஞ்சு விரிஞ்சு மூடுது இல்ல, அதெல்லாம் மேல் பூச்சு. எல்லாத்துக்கும் அடியில ஒரு புரோகிராம் ஓடுது, கெர்னல்னு சொல்லுவோம். மோட்டாரை யாரு தொடலாம், எப்பத் தொடலாம்னு அதிகாரம் பண்றது அதுதான். அதுல பூட்டுப் போடுறது என் வேலை. சிரிக்காதீங்க, ஆபீஸ்ல எனக்குப் பேரே பூட்டுதான். பூட்டு வந்தாச்சா, பூட்டு சாப்பிட்டாச்சா, பூட்டு இன்னைக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கு. இப்படித்தான்.

எதுக்குப் பூட்டுன்னு கேக்குறீங்களா? கேக்கலையா? பரவாயில்ல, சொல்றேன். உள்ள இருக்கிறது ஒரே ஒரு மோட்டாரு. அதுகிட்ட வேலை வாங்க நாலு பேரு காத்துக்கிட்டிருக்கான். ஆளுன்னா ஆளு இல்ல, எல்லாம் புரோகிராம்தான், ஒரு பேச்சுக்கு ஆளுன்னு வச்சுக்குங்க. ஒருத்தன் மூச்சைக் கவனிக்கிறவன். இழுக்குறாரு, காத்து குடு. விடுறாரு, குறை. இன்னொருத்தன் அலாரம் அடிக்கிறவன். இன்னொருத்தன் நடந்ததையெல்லாம் எழுதி வைக்கிறவன். நாலாவது ஆளு பேட்டரியை மிச்சம் பண்றவன். நாலு பேரும் ஒரே நேரத்துல மோட்டாரு மேல கை வச்சா என்ன ஆகும்? அதனால ஒரு அறை, ஒரு கதவு, ஒரே ஒரு சாவி. சாவி யாரு கையிலயோ அவன்தான் உள்ள. மத்தவன் வெளிய நிக்கணும்.

அந்த வெளிய நிக்கிறதுலதாங்க எங்க ஆபீஸ்ல ரெண்டு கட்சி.

என் கட்சிக்காரன் கதவு முன்னாடியே நிப்பான். ஆச்சா, ஆச்சா, ஆச்சான்னு கதவைத் தட்டிக்கிட்டே நிப்பான். கதவு திறந்த அந்த நிமிஷமே உள்ள பூந்துடுவான். ஒரு மூச்சு தவறாது. ஆனா தட்டித் தட்டியே பேட்டரியை உறிஞ்சிடுவான், அதையும் ஒத்துக்கணும். உங்க சாரோட கட்சிக்காரன் நாகரிகமானவன். கதவு மூடியிருக்கா, சரி, ஒரு ஓரமாப் படுக்குறேன், திறந்ததும் எழுப்புங்கன்னு படுத்துடுவான். பேட்டரி மிச்சம். தப்பே இல்லைங்க, நானும் படுக்க விட்டிருக்கேன், சில இடத்துல. ஒரே ஒரு விதிதான். சாவியைக் கையில வச்சுக்கிட்டு மட்டும் தூங்கக் கூடாது. குழந்தைக்குக்கூடப் புரியும். உங்க சாருக்குப் புரிய வைக்கத்தான் எனக்கு முடி கொட்டிப்போச்சு.

மணி பாக்காதீங்க. அடுத்த வீட்டுக்குப் போகணுமா? காலையில எந்த வீட்டுலயாவது போட்டுட்டு வந்தீங்களா? இல்லையா, நாங்கதான் முதல் வீடா? அப்பாடா. வயித்துல பாலை வார்த்தீங்க. அப்ப நிதானமாக் குடிங்க.

எங்களுக்கு மேல ஒரு பெரியவரு இருக்காரு, நாங்க அவருக்கு வச்ச பேரு நடுநிலை. யாரு என்ன சொன்னாலும் தலையை ஆட்டிட்டு, ரெண்டையும் பேலன்ஸ் பண்ணணும்பாரு. பாதுகாப்புலயும் சமரசம் கிடையாதாம், பேட்டரியிலயும் சமரசம் கிடையாதாம், பெரிய எழுத்துல செவுத்துல ஒட்டி வச்சிருக்காரு. அதுக்குக் கீழதான் தண்ணி கேன். குடிக்கப் போகும்போதெல்லாம் படிச்சுப் படிச்சு எனக்கு விக்கல் வரும். ரெண்டுலயும் சமரசம் இல்லைன்னா அப்புறம் பேலன்ஸ் எங்கிருந்து சாமி வரும்? கேட்டேன். நல்ல கேள்வின்னாரு. குறிச்சு வச்சுக்கிட்டாரு. இன்னும் குறிச்சுக்கிட்டேதான் இருக்காரு.

உங்க சாரு என்ன பண்ணினாரு தெரியுமா? பேட்டரில ஓடும்போது ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவுல மோட்டாரு சும்மாதானே இருக்கு, அதைத் தூங்க வச்சிடலாம்னாரு. நல்ல யோசனைதான், நான் குறை சொல்லல. தூங்க வைக்கிறதுக்கு முன்னாடி உள்ள யாராவது இருக்காங்களான்னு பாக்கணும் இல்ல? பாத்தாரு. எங்கேருந்து பாத்தாரு? வெளியிலேருந்து, எட்டி. சாவியை வாங்கிட்டு உள்ள போயிப் பாத்தா பேட்டரி செலவாம். அதனால ஒரு எட்டு பாத்துட்டு, யாரும் இல்லையா, ரைட்டுன்னு போயி ஸ்விட்சை அணைக்கிறாரு. பாத்ததுக்கும் அணைச்சதுக்கும் நடுவுல ஒருத்தன் உள்ள போயிட்டா? அவ்வளவு சின்ன இடைவெளில எவன் போவான்ங்கறாரு. போவாங்க, போவாங்க. எங்க பெரியம்மாவே போனாங்களே.

எங்க வீட்டுக் கதையைக் கேளுங்க. எங்கப்பாவுக்கு கரண்ட் ஆபீஸ்ல வேலை. வீடு வீடாப் போயி மீட்டர் பாக்குறவரு. ஊருல எவ்வளவு கரண்ட் வீணாகுதுன்னு நாள் பூரா பாத்துட்டு வீட்டுக்கு வந்தா மனுஷனுக்கு வெறி பிடிச்சிடும். போற வர ரூம்ல எல்லாம் லைட்டை அணைப்பாரு. அம்மா நேரெதிர், பூட்டுற ஜாதி. வாசக் கதவைப் பூட்டிட்டு, இழுத்துப் பாத்துட்டு, தெருமுனை வரைக்கும் போயிட்டு, திரும்ப வந்து இழுத்துப் பாப்பாங்க. நான் அம்மாவைக் கொண்டிருக்கேன். என் தம்பி அப்படியே அப்பாவை உரிச்சு வச்சிருக்கான்.

எங்க பழைய வீட்டுல பாத்ரூமுக்கு ஸ்விட்ச் வெளிய. அப்பா ஒரு சட்டம் போட்டு வச்சிருந்தாரு. கதவைத் திறந்தாத்தான் லைட்டு. திறந்தவங்க போட்டுக்கணும், யாரும் இல்லைன்னா பாத்தவங்க அணைக்கணும். ஒரு நாள் பெரியம்மா வந்திருந்தாங்க. தம்பி எட்டிப் பாத்தான், பாத்ரூம் காலி. அணைக்கணும்னு ஸ்விட்சுப் பக்கம் போனான். அதுக்குள்ள பெரியம்மா உள்ள போயிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுட்டாங்க. இவன் அணைச்சுட்டான். உள்ளேருந்து ஒரே கூச்சல். டேய், லைட்டைப் போடுடா, தாழ்ப்பாள் கண்ணுக்குத் தெரியல, லைட்டு வந்தாத்தான் கதவைத் திறப்பேன். இவன் வெளிய நின்னுக்கிட்டு, கதவைத் திறந்தாத்தான் லைட்டு, அப்பா சொல்லியிருக்காரு, நீங்க முதல்ல திறங்கங்கறான். அவங்க லைட்டுங்கறாங்க, இவன் கதவுங்கறான். லைட்டு, கதவு, லைட்டு, கதவு. சத்தம் கேட்டு அப்பா வந்தாரு. ரெண்டு பேரையும் விசாரிச்சாரு. தாடையைத் தடவிக்கிட்டு, ரெண்டு பேரு சொல்றதும் நியாயமாத்தான் இருக்குன்னாரு! பெரியம்மா இருட்டுல!

கடைசியில நான் தம்பியை ஒரு தள்ளு தள்ளிட்டு ஸ்விட்சைப் போட்டேன். தள்ளினதுக்கு எனக்குத்தான் திட்டு.

சிரிங்க, சிரிங்க. இதேதான் உங்க மிஷினுக்குள்ளயும். மூச்சைக் கவனிக்கிறவன் சாவியோட உள்ள போறான். போனா மோட்டாரு தூங்குது. எழுப்புப்பாங்கறான். எழுப்புற வேலை பேட்டரிக்காரனோடது. அவன் சொல்றான், எழுப்புறேன், ஆனா அதுக்குச் சாவி வேணும், குடு. மோட்டாரு எழுந்தாத்தான் சாவியைக் குடுப்பேன்ங்கறான் இவன். ரெண்டு பேரு சொல்றதும் நியாயம். ரெண்டு பேரும் மரியாதையாக் காத்துக்கிட்டிருப்பாங்க. மோட்டாரு ஓடாது.

அலாரமா? கரெக்டாக் கேட்டீங்க பாருங்க, இதை எங்க நடுநிலை கேக்கல. அலாரம் அடிக்கிறவனுக்கும் அந்தச் சாவிதான் வேணும். அவன் வரிசையில நிக்கிறான். சரி, என்ன நடந்துச்சுன்னு எழுதியாவது வச்சிருப்பானா? எழுதுறவன் அலாரத்துக்குப் பின்னாடி நிக்கிறான். ஆக, சத்தமும் இல்ல, சாட்சியும் இல்ல. ஸ்கிரீன்ல மட்டும் அந்தப் பச்சைப் பூ விரிஞ்ச மேனிக்கு நிக்கும். பாக்க அழகா இருக்கும்.

எனக்கு எப்படித் தெரியுமா? நான் பாத்தேன். உங்க சாரு டெஸ்ட் பண்ணினது ரப்பர் நுரையீரல்ல. லேப்ல ஒண்ணு வச்சிருக்கோம், பலூன் மாதிரி. அது ஒழுக்கமான பிள்ளை, இழுக்குறதும் விடுறதும் கடிகாரம் மாதிரி. வாரக்கணக்கா ஓட்டினாரு, ஒரு பிசகும் இல்ல. ஏன் இருக்கும்? எட்டிப் பாக்குற நேரத்துல அது மூச்சே இழுக்காதே, அப்புறம் எவன் உள்ள போவான்? எங்கப்பா அப்படியா மூச்சு விடுறாரு? தசையெல்லாம் தளந்து போற வியாதிங்க அவருக்கு. ஒரு இழுப்பு பெருசா வரும், ஒண்ணு அரைகுறையா வரும். அப்புறம் ஒண்ணு வரவே வராது, நாம எழுந்து ஓடலாமான்னு நினைக்கும்போது வரும். ராவும் பகலும் பக்கத்துல உக்காந்து கேட்டுக் கேட்டு அந்தத் தாளம் எனக்கு மனப்பாடம். நான் என்ன பண்ணினேன், அந்த ரப்பரைக் கழட்டிட்டு மாஸ்க்கை என் மூஞ்சில மாட்டிக்கிட்டேன். கரண்டைப் பிடுங்கிட்டு, பேட்டரில வச்சு, அப்பா மாதிரியே மூச்சு விட்டுப் பாத்தேன். ஒரு மத்தியானம் பூரா. பக்கத்து சீட்டுக்காரங்க எல்லாம் எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சாங்க.

நின்னுடுச்சு. ஆமாங்க. இழுக்குறேன், காத்து வரல. பூ அப்படியே நிக்குது. எனக்குக் கை இருக்கு, கழட்டிட்டேன்.

கழட்டிட்டுக் கத்தினேன். எல்லாரும் ஓடி வந்தாங்க. திரும்பச் செஞ்சு காட்டுன்னாங்க. மாட்டிக்கிட்டு உக்காந்தேன், சாயந்தரம் வரைக்கும். சனியன் பிடிச்ச மிஷின், சமத்தா ஓடுது. எங்கே எழுதியிருக்குன்னாரு உங்க சாரு. எழுதுறவன்தான் வரிசையில நிக்கிறானே, எழுதியிருக்காதேன்னேன். அப்ப நடக்கலைன்னாரு. நடுநிலை நடுவுல பூந்து, ஒரு தடவை நடந்தது நடந்த மாதிரியா, நடக்காத மாதிரியான்னு யோசிக்கணும்னாரு. யோசிச்சாங்க. எனக்கு ரொம்ப நாளா லீவு பாக்கி இருக்கே, அப்பாவை வேற பாத்துக்கணுமே, கொஞ்சம் ஓய்வு எடுங்களேன்னாங்க. பாசம்தான்.

வழியே இல்லையான்னா, இருக்கு. சின்ன வழி. நான் எழுதியே குடுத்துட்டேன். எட்டிப் பாக்காத, முதல்ல சாவியை வாங்கு, உள்ள போ, பாரு, அப்புறம் தூங்க வை. எழுப்பும்போதும் அதே மாதிரி. கொஞ்சம் பேட்டரி கூடச் செலவாகும். ரெண்டு மடங்கு வராது, ஒண்ணரை வரும். ஆனா பெட்டி மேல ரெண்டு மடங்குன்னு அச்சடிச்சாச்சே. அட்டையைக் கிழிக்க யாருக்கும் மனசு வரல. அதுவும் என் திருத்தம் உள்ள போகணும்னா உங்க சாரு கையெழுத்துப் போடணும். அவரு போடுவாரா?

என்ன பண்றதுன்னு கேக்குறீங்க. பழைய வெர்ஷனே இருக்கட்டும்ங்கறீங்களா? நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். என் பூட்டு, என் வெர்ஷன், ஒரு மூச்சு தவறினது கிடையாது. ஆனா அதுல பேட்டரி லிஃப்ட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரத்தான் காணும். தெருமுனையில எங்கப்பாவோட சிநேகிதரு சைக்கிள் கடை வச்சிருக்காரு. சாயந்தரம் அங்கே போயி உக்காந்து ரெண்டு பேரும் ஊர்வம்பு பேசணும், அவ்வளவுதான் இவரு ஆசை. சக்கர நாற்காலியில தள்ளிட்டுப் போனா பாதி வழியில மிஷின் கத்த ஆரம்பிக்கும், திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவேன். போன வாரம் என் மூஞ்சியைப் பாத்துச் சொல்றாரு. பேச்சு வர்றதே கஷ்டம், வந்தா ஊசி மாதிரி வரும். மூத்தவ என்னைச் செவுத்துல கட்டுறா, சின்னவன் என்னை இருட்டுல தள்ளுறான், நல்ல பிள்ளைகளைப் பெத்தேன்னாரு. எனக்குச் சுருக்குன்னு தைச்சிடுச்சுங்க. அவரைப் பூட்டித்தானே வச்சிருக்கேன்.

சின்னவன்னா யாரா? என் தம்பிதான்.

ஓ, உங்க ஷீட்ல வீட்டு நம்பர் மட்டும்தான் போட்டிருக்கா. பேரு இல்லையா. இந்த வீட்டுக்கு முதல்ல போங்கன்னு உங்களை அனுப்பினது யாருன்னு நினைச்சீங்க? நீலச் சட்டை. உங்க சாரு. பெரியம்மாவை இருட்டுல உக்கார வச்ச அதே துரைதான்.

காபியைக் கொட்டிடாதீங்க, துடைக்க நான்தான் வரணும்.

கெட்டவன் இல்லைங்க அவன். கெட்டவனா இருந்தா நான் சமாளிச்சிடுவேன். உண்மையாவே நம்புறான். முதல் ஆளா எங்கப்பாவுக்குத்தான் போடணும், முதல் நாளே அவரைச் சைக்கிள் கடைக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை ஆசையா இருக்கான். எனக்கு அதைப் பாத்தாத்தான் பயம். நான் மாஸ்க்கைக் கழட்டினேன், பொழைச்சேன். அப்பாவால கையை மார்பு வரைக்கும்கூடத் தூக்க முடியாது. அதைச் சொன்னேன் அவன்கிட்ட. அது நீ நடிச்ச மூச்சு அக்கா, அப்பா மூச்சு இல்லைன்னு சொல்லிட்டான்.

அதனாலதான், நீங்க வந்ததும் உள்ள கை கழுவிக்கிட்டிருந்தப்ப அவனுக்குப் போன் பண்ணினேன். சண்டை போதும்டா, நான் ஒத்துக்கிட்டேன், ஆளு வந்தாச்சு, உன் கையால ஆரம்பிச்சு வையின்னேன். துள்ளிக்கிட்டு வர்றான். இப்ப வந்துடுவான்.

உங்க வேலை இருக்கு, இல்லைன்னு யாரு சொன்னா? போடுங்க, தாராளமாப் போடுங்க. ஆனா உள்ள இருக்கிற மிஷின்ல இல்ல. மேஜை மேல இன்னொரு மிஷின் துண்டு போட்டு மூடியிருக்கு பாருங்க, அதுல. லேப்லேருந்து எடுத்துட்டு வந்தேன், திருப்பிக் குடுன்னு மெயிலா அனுப்பிக்கிட்டிருக்காங்க. அதுல உங்க புது வெர்ஷனைப் போட்டு, கரண்டைப் பிடுங்கிட்டு, பேட்டரில வைங்க. அப்பா கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பாய் விரிச்சு வச்சிருக்கேன். தம்பியை அதுல படுக்க வச்சு, மாஸ்க்கை மாட்டிவிட்டு, அப்பா பக்கம் திருப்பி விடப் போறேன். அவரு இழுக்கும்போது இவன் இழுக்கணும். அவரு நிறுத்தும்போது இவன் நிறுத்தணும். அரை மூச்சுன்னா அரை மூச்சு. நடிப்பே வேண்டாம், அப்பாவே பக்கத்துல இருக்காரு. எத்தனை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். கையை மட்டும் நான் பிடிச்சுக்குவேன், சட்டுனு கழட்டிடக் கூடாது இல்ல. பயப்படாதீங்க, விட்டுடுவேன். ஒரு ரெண்டு மூச்சுக்கு மட்டும் பிடிச்சு வச்சிருந்துட்டு விட்டுடுவேன். அப்புறம் எழுந்து உக்காந்து அவனே சொல்லட்டும், அப்பாவுக்கு எதைப் போடுறதுன்னு. என் திருத்தத்துல கையெழுத்துப் போடப் பேனாவும் அங்கேயே வச்சிருக்கேன்.

எங்கே கிளம்பிட்டீங்க? கதவு திறக்காதுங்க. நீங்க கை கழுவும்போதே பூட்டிட்டேன். சாவி இங்கே, என் இடுப்புல. சும்மாவா பூட்டுன்னு பேரு வச்சாங்க. உக்காருங்க, ஒரு மனுஷன் பக்கத்துல இருந்து பாத்து எழுதணும் இல்ல. இந்தத் தடவை எழுதுறவன் வரிசையில நிக்கக் கூடாது, அதுக்குத்தான் நீங்க. மத்த வீட்டுக்காரங்களுக்கு நாளைக்கு வர்றேன்னு ஒரு போன் போட்டுடுங்க. அங்கேயும் ஆளு இருக்குங்க, மாஸ்க்கைக் கழட்ட முடியாத ஆளு.

பெல் கேட்டுச்சா? அவன்தான். ஒரே ஒரு தடவைதான் அழுத்துவான், அதுலயும் கரண்ட் மிச்சம். இருங்க, திறக்குறேன்.

வாடா. செருப்பைக் கழட்டு. ஆமாண்டா, ஒத்துக்கிட்டேன்னுதான் சொன்னேனே, எத்தனை தடவை கேப்ப. இவருதான் உங்க ஆளு. பாவம், காபி குடிச்சாரு. அப்பா முழிச்சுட்டாரு போல, சத்தம் கேக்குது, உன்னைத்தான் தேடுறாரு. போ, உள்ள போ, நாங்களும் வர்றோம்.

டேய். டேய்! லைட்டு ஸ்விட்சுலேருந்து கையை எடுடா. உள்ள அப்பா இருக்காரு.